‘இனிதே நிறைவுற்றது’: சாரணர் மடல்களைப் படித்தபோது

ஒரு பங்கிலிருந்து மற்றொரு பங்குக்கு மாற்றலாகிச் செல்லும் குருவின் உடைமைகளில் பெரும்பாரம் நூல்களே. இம்முறை அவற்றைக் கட்டிக்கொண்டிருந்தபோது, தகரப் பெட்டியின் அடியில் சணல் கயிற்றால் பிணித்த ஒரு தாள்கட்டு அகப்பட்டது. நான் பணியாற்றிய பங்குகளின் பள்ளிகளில் இயங்கிய சாரணர் படைகள் வெளியிட்ட மடல்கள் அவை. நான் மாணவச் சாரணனாயிருந்த காலத்தவை சிலவும் அவற்றுள் இருந்தன. நாற்பதுக்குக் குறையாத இதழ்கள். சில கையெழுத்துப் பிரதிகள். சில ஸ்டென்சில் வெட்டி உருட்டியவை, மை கசிந்து மறுபக்கத்திலும் தெரிபவை. பிந்தியவை கணினியில் கோத்து நகலெடுத்தவை. வண்டி வருவதற்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. தரையில் அமர்ந்து அனைத்தையும் படித்து முடித்தேன்.

சிறுவர்கள் எட்டுப் பக்கம் எழுதி ஒட்டிய மடலுக்குத் திறனாய்வு எதற்கு என்று வாசகர் வினவலாம். கவிதைத் தொகுதிக்கும் நாவலுக்கும் நாம் செய்கிற மரியாதையை இவற்றுக்கும் செய்து பார்ப்போமே என்பதுதான் என் விடை. ஒரு சிறுவன் தன் வாழ்நாளில் முதன்முதலாகத் தன் பெயர் அச்சில் வரக் காண்பது பெரும்பாலும் இத்தகைய தாளில்தான். எழுத்து என்றால் என்ன, உண்மை எழுத்தில் எப்படி நடத்தப்படுகிறது என்ற பாடத்தை அவன் அங்கேதான் கற்கிறான். அந்தப் பாடம் பெரும்பாலும் தவறாகவே கற்பிக்கப்படுகிறது என்பது இந்தக் கட்டைப் படித்து முடித்தபோது எனக்குப் பட்டது.

சாரணர் என்ற சொல் நம்மிடையே பழையது. சிலப்பதிகாரத்தின் நாடுகாண் காதையில் கவுந்தியடிகள் முன் தோன்றும் சாரணர் சமண முனிவர். ஊர் ஊராய்த் திரிந்து செய்தி அறிபவன் என்ற பொருளும் அச்சொல்லுக்கு உண்டு. ஆங்கிலச் சொல்லுக்கு ஈடாக இதைத் தெரிந்தெடுத்தவர் யாரோ, அவர் காது நல்ல காது. முன்னே சென்று, கண்டு, திரும்பி வந்து, கண்டதைக் கண்டபடி சொல்பவனே சாரணன். போய்ப் பார்ப்பது அவன் வேலையில் பாதிதான். வந்து சொல்வது மறுபாதி.

எண்ணிக்கை நூலின் 13ஆம் அதிகாரத்தில் மோசே பன்னிருவரைக் கானானுக்கு அனுப்பும் பகுதியை நாம் பலமுறை வாசித்திருக்கிறோம். அவர் கொடுத்தனுப்பிய வினாக்களை நாம் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. அங்குள்ள மக்கள் வலியவரா, எளியவரா? சிலரா, பலரா? அவர்கள் வாழ்வது பாளையங்களிலா, அரண்சூழ் நகரங்களிலா? மண் வளமானதா, வறண்டதா? மரங்கள் உண்டா? இதைவிடச் சிறந்த வினாப் பட்டியலை எந்தச் செய்தி ஆசிரியனும் தன் நிருபனிடம் தந்ததாக நான் அறியேன். நாற்பது நாள் கழித்துத் திரும்பியவர்கள் முதலில் சொன்ன செய்தியில் குறையில்லை. திராட்சைக் குலையைத் தண்டில் கட்டி இருவர் சுமந்து வந்து காட்டினார்கள், கோட்டைகளையும் மறைக்கவில்லை. கூட்டம் சலசலக்கத் தொடங்கிய பிறகு அவர்களுள் பதின்மர் சொன்ன இரண்டாம் செய்திதான் கெட்டுப்போனது. கேட்போர் முகத்தைப் பார்த்துச் சொன்ன செய்தி அது.

நம் மடல்களின் நோயும் ஏறத்தாழ அதுவே. கட்டிலிருந்து ஏதேனும் ஓர் இதழை எடுத்துக்கொள்வோம். முதல் பக்கத்தில் தாளாளரின் ஆசியுரை. இரண்டாம் பக்கத்தில் தலைமையாசிரியரின் வாழ்த்துரை. அடுத்து மாவட்டப் பொறுப்பாளரின் வாழ்த்துரை. மூன்றும் ஒரே வாழ்த்துரையோ என்று ஐயுறும் அளவுக்குச் சொற்கள் ஒத்திருக்கும். பின்னர், சின்னம் பெற்றோர் பட்டியல். அதன்பின் எங்கிருந்தோ எடுத்த பொன்மொழிகள், விடுகதைகள், ‘உங்களுக்குத் தெரியுமா’. ஏழாம் பக்கத்தில் முகாம் அறிக்கை. எட்டாம் பக்கத்தின் அடியில், எறும்பெழுத்தில், அடுத்த முகாமுக்கு எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்தப் பேருந்து, கொண்டுவர வேண்டியவை எவை என்ற அறிவிப்பு. ஒரு தாய் இம்மடலில் தேடிப் படிப்பது இந்த அறிவிப்பு ஒன்றைத்தான். அதை ஒளித்து வைப்பதில் எல்லா இதழாசிரியர்களும் ஒரே கருத்தினர்போலும்.

முகாம் அறிக்கைக்கு வருவோம். நாற்பது இதழ்களில் முப்பத்திரண்டு முகாம் அறிக்கைகளை எண்ணினேன். அவற்றுள் இருபத்தேழு ‘இனிதே நிறைவுற்றது’ என்றே முடிகின்றன. இயற்கை எழிலைக் ‘கண்டு களித்தோம்’ என்கின்றன. ‘பசுமரத்தாணிபோல் பதிந்தது’ என்கின்றன. ‘என்றும் நீங்கா நினைவு’ என்கின்றன. எந்த மலை, என்ன மரம், யார் சமைத்தார்கள், என்ன சமைத்தார்கள், எவன் கூடாரம் சரிந்தது, எவன் வீட்டை நினைத்து அழுதான் என்பதற்கு ஒரு சொல்லும் இல்லை. பதிந்தது என்று சொல்கிறார்கள். பதிந்தது எது என்று சொல்லவில்லை. இது சிறுவர் மொழியன்று. நம் மேடைகளிலிருந்தும் திருமண அழைப்பிதழ்களிலிருந்தும் ஆண்டறிக்கைகளிலிருந்தும் பெரியவர்கள் எடுத்து அவர்கள் தலையில் வைத்த மொழி.

வியப்பு என்னவெனில், சாரணர் இயக்கம் தன்னுள்ளேயே ஒரு நல்ல எழுத்துப் பள்ளியை வைத்திருக்கிறது. கிம் விளையாட்டை அறியாத சாரணன் இல்லை. கிப்ளிங் 1901இல் வெளியிட்ட ‘கிம்’ நாவலிலிருந்து பேடன்-பவல் எடுத்தாண்ட பயிற்சி அது. தட்டில் பல சிறு பொருள்களைப் பரப்பி, ஒரு நிமிடம் காட்டி, துணியால் மூடிவிடுவார்கள். கண்டவற்றை நினைவிலிருந்து எழுத வேண்டும். ‘தட்டில் பல அரிய பொருள்களைக் கண்டு களித்தேன்’ என்று எழுதுகிறவனுக்கு அங்கே சுழி மதிப்பெண். சாவி, பித்தளைப் பொத்தான், முனை ஒடிந்த பென்சில் என்று எழுதுகிறவன் வெல்கிறான். சனிக்கிழமை மாலையில் பென்சிலின் முனை ஒடிந்திருந்ததைக் கவனிக்கக் கற்றுக்கொடுத்துவிட்டு, திங்கட்கிழமை அதே சிறுவனிடம் ‘இயற்கை அன்னையின் மடியில்’ என்று எழுதச் சொல்கிறோம்.

தடக் குறிகளும் அத்தகையவையே. அம்புக்குறி இட்டால் இவ்வழி செல். பெருக்கல் குறி இட்டால் இவ்வழி வேண்டா. வட்டத்தின் நடுவே ஒரு புள்ளி இட்டால், ‘நான் வீடு திரும்பிவிட்டேன்’. 1941 ஜனவரியில் மறைந்த பேடன்-பவலுக்குக் கென்யாவின் நியேரியில் எழுப்பிய கல்லறைக் கல்லில் இந்த வட்டமும் புள்ளியும் பொறிக்கப்பட்டிருக்கின்றன. சொற்செட்டில் இதற்கு மேல் போக முடியாது. நான் கண்ட அடக்கப் பூசை அறிவிப்புகள் பலவற்றைவிட அது நிறையவே சொல்கிறது.

இயக்கத்தின் மூல நூலும் இதழ் வடிவில் பிறந்ததே. 1907 ஆகஸ்டில் பிரவுன்சீ தீவில், ஏறத்தாழ இருபது சிறுவரை ஓநாய், காக்கை, காளை, குருகு என நான்கு அணிகளாகப் பிரித்து நடத்திய சோதனை முகாமுக்குப் பின், 1908 ஜனவரி முதல் பதினைந்து நாளுக்கு ஒன்றாக ஆறு பகுதிகளில், பகுதிக்கு நான்கு பென்ஸ் விலையில், ‘சிறுவர் சாரணியம்’ வெளிவந்தது. அடுத்த பகுதி வரும்வரை சிறுவர்கள் சும்மா இருக்கவில்லை. பெரியவர் எவரும் சொல்லாமலே அணிகள் அமைத்துக்கொண்டார்கள். அதே ஆண்டு ஏப்ரலில் ‘தி ஸ்கவுட்’ வார இதழ் தொடங்கி, 1966 வரை நடந்தது. பேடன்-பவலின் எழுத்தைப் பேரிலக்கியம் என்று நான் சொல்லவில்லை. பேரரசுப் பெருமிதம் அதில் மண்டிக்கிடக்கிறது. இன்று படிக்கையில் பல இடங்களில் முகம் சுளிக்கிறோம். ஆயினும் எதிரே ஒரு சிறுவன் உட்கார்ந்திருக்கிறான் என்ற நினைவு அதில் ஒரு பக்கமும் தவறவில்லை. சின்னக் கதை, கைப்படம், ‘இதைச் செய்து பார்’. மேலிடத்துக்கு எழுதப்பட்டதாக எதுவும் தோன்றாது.

அவரைப் புகழ்பெறச் செய்த மாஃபெகிங் முற்றுகையிலும் ஒரு மடல் உண்டு. எளிதில் புகழ்ந்துவிட்டுக் கடக்கக்கூடாத மடல் அது. 1899 அக்டோபர் முதல் 1900 மே வரை, 217 நாள், தென்னாப்பிரிக்காவின் அச்சிற்றூரைப் போயர் படை சூழ்ந்திருந்தது. உள்ளே ‘மாஃபெகிங் மெயில்’ என்னும் பத்திரிகை ஒரு முற்றுகைத் தாளை வெளியிட்டது. குண்டுகள் இடம்கொடுத்தால் நாள்தோறும் வரும் என்று தலைப்பிலேயே வேடிக்கையாக அறிவித்துக்கொண்டது. ஊர்ச் சிறுவர்களைக் கொண்ட ஒரு படையணி செய்திகளையும் அஞ்சலையும் சுமந்து சென்றது. சாரணர் இயக்கத்தின் விதையை அச்சிறுவரிடம் காண்பது மரபு. முற்றுகைத் தாளின் தொனி உற்சாகம். ஞாயிறுதோறும் கிரிக்கெட், இசை நிகழ்ச்சி, நகைச்சுவை. மனம் தளராதிருக்க அது உதவியிருக்கும் என்பதை மறுக்க வேண்டியதில்லை.

அதே ஊரில், அதே நாள்களில், நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக இருந்த 23 வயது ஆப்பிரிக்க இளைஞர் ஒருவர் ஒரு நாட்குறிப்பு எழுதிக்கொண்டிருந்தார். அவர் சால் பிளாட்யே. பின்னாளில் இதழாசிரியராகவும், 1912இல் தொடங்கிய, ஆப்பிரிக்க தேசிய காங்கிரசாக வளர்ந்த இயக்கத்தின் முதல் பொதுச் செயலராகவும் விளங்கியவர். அந்நாட்குறிப்பு 1973இல்தான் நூலாக வந்தது. முற்றுகையின் பாரத்தைச் சுமந்த பரோலாங் மக்களும், வேறிடங்களிலிருந்து வந்து சிக்கிக்கொண்ட ஆப்பிரிக்கரும் அதில் மனிதராக நடமாடுகிறார்கள். உணவுப் பங்கீட்டில் கறுப்பருக்குக் கிடைத்தது மிகக் குறைவு. குதிரை இறைச்சிச் சாற்றுக்கு வரிசையில் நின்றவர்கள் உண்டு. பட்டினியால் மாண்டவர்கள் உண்டு. அந்தப் பசி உற்சாகத் தொனிக்குள் அடங்குவதன்று. முற்றுகைத் தாள் ஒன்றை மட்டுமே படிப்பவன் மாஃபெகிங்கை அறிந்தவனாகான். நம் நாட்டிலும் 1909இல் இயக்கம் கால்கொண்டபோது ஐரோப்பிய, ஆங்கிலோ-இந்தியச் சிறுவர்க்கே அதில் இடம். இந்தியச் சிறுவர் வெளியே நின்றனர். அன்னி பெசன்ட் அம்மையார் சென்னையில் இந்தியச் சிறுவர்க்கெனத் தனிச் சங்கம் கண்டதற்கு அதுவே காரணம். பல சங்கங்கள் ஒன்றிணைந்து பாரத சாரண சாரணியர் இயக்கம் உருவானது 1950 நவம்பரில். ஆகவே, ஒரு மடலைக் கையில் எடுத்ததும் நான் கேட்கும் முதற்கேள்வி: இதில் யார் இல்லை?

இனி என் குற்றத்தைச் சொல்லியாக வேண்டும்.

கட்டில் ஓர் இதழுக்குள் மடித்து வைத்த ஒரு தாள் இருந்தது. கோடிட்ட நோட்டிலிருந்து கிழித்த தாள். எட்டாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் எழுதிய முகாம் அறிக்கை. குறுக்கே சிவப்பு மையில் கோடுகள். கோடுகள் என்னுடையவை. உதவிப் பங்குத்தந்தையாக இருந்த ஆண்டுகளில் ஒரு பள்ளியின் சாரணர் மடலைப் பார்த்துத் திருத்தும் பொறுப்பு எனக்கிருந்தது. அவன் எழுதியிருந்ததன் சாரம் இது. இரண்டாம் இரவு மழை பெய்தது. விருந்தினர்கள் வந்தபடியால் அவர்களுக்கு முதலில் பரிமாறினார்கள். தன் அணியின் முறை வந்தபோது சோறு இல்லை. குழம்பு மட்டும் இருந்தது. அவனுக்கு அழுகை வந்தது; மழை பெய்ததால் யாருக்கும் தெரியவில்லை. பருந்து அணியைச் சேர்ந்த ஒருவன் தன் பையிலிருந்த பன்னைப் பிய்த்துப் பாதியை இவனுக்குக் கொடுத்தான். ‘அதற்குமுன் அவன் என்னோடு பேசமாட்டான்’ என்று ஒரு வரி.

இவ்வளவையும் அடித்துவிட்டு நான் மேலே எழுதியிருந்தேன்: ‘மழையையும் பொருட்படுத்தாது இரண்டாம் நாள் நிகழ்ச்சிகள் இனிதே நிறைவுற்றன.’

அன்று எனக்குக் காரணங்கள் இருந்தன. விருந்தினருள் ஒருவர் கூடாரத் துணிக்கு நன்கொடை அளித்தவர். பெற்றோர் படித்தால் அடுத்த முகாமுக்குப் பிள்ளைகளை அனுப்பத் தயங்குவார்கள். பள்ளியின் பெயர் என்னாவது? இவை பொய்க் காரணங்கள் அல்ல. இன்றும் ஓர் இளம் குரு இவற்றை என்னிடம் சொன்னால் ஒரு நொடியில் தள்ளிவிடமாட்டேன். ஆனால் அந்தத் தாளை மீண்டும் படித்தபோது என்னை உறுத்தியது வேறு. சோறு தீர்ந்ததை நான் மறைத்தேன். அதோடு அந்தப் பாதிப் பன்னும் போயிற்று. பேசாதவன் ஒருவன் பேசாதிருந்த இன்னொருவனுக்கு மழையில் பிய்த்துக் கொடுத்த அந்தப் பன்னைத் தவிர, அந்த இதழ் முழுவதிலும் சாரணர் சட்டத்துக்கு வேறு சான்று இல்லை. சின்னம் பெற்ற பதினான்கு பேரின் பெயரை அச்சிட்டோம். சின்னம் எதுவும் பெறாத அந்தப் பருந்து அணிச் சிறுவனின் செயலை என் பேனாவே அழித்தது. எழுதியவன் அதன்பின் மடலுக்கு எதுவும் எழுதவில்லை. அடுத்த இதழ்களின் பெயர்ப் பட்டியலில் தேடிப் பார்த்தேன்; அவன் இல்லை.

இதனால், சிறுவர் எழுதும் அனைத்தையும் அப்படியே அச்சிட வேண்டும் என்று நான் வாதிடவில்லை. முகாமில் இரவில் படுக்கையை நனைத்தவனின் பெயரை வேடிக்கைப் பகுதியில் போட்ட ஓர் இதழும் இக்கட்டில் இருக்கிறது. அதை அடிக்காமல் விட்ட ஆசிரியரின் கையில் சிவப்பு மை இல்லாமற் போனதே என்று வருந்தினேன். ஒரு சிறுவனை வெட்கப்படுத்துவது நீங்க வேண்டும். ஏற்பாட்டாளர்களை வெட்கப்படுத்துவது நிற்க வேண்டும். நாம் செய்வது பெரும்பாலும் இதன் தலைகீழ். வகுப்பறையில் மந்தமானவனைக் கேலி செய்யும் துணுக்கைச் சிரித்துக்கொண்டே அனுமதிக்கிறோம். தண்ணீர்த் தொட்டி காலியாக இருந்தது என்ற வரியைக் கண்டால் பதறுகிறோம்.

திருவள்ளுவர் ஒற்றாடல் என்னும் 59ஆம் அதிகாரத்தில், ஓர் ஒற்றன் கொண்டுவந்ததை இன்னோர் ஒற்றனைக் கொண்டு ஒத்துப் பார்க்கச் சொல்கிறார்; மூவர் சொல் ஒத்தால் தெளியலாம் என்கிறார். மடலாசிரியர்க்கு இதைவிட எளிய வழி உண்டா? ஒரே முகாமைப் பற்றி மூன்று அணிகளிலிருந்து மூன்று சிறுவரை, ஒருவர் எழுதியதை மற்றவர் பாராமல், எழுதச் சொல்லலாம். மூன்றையும் அடுத்தடுத்து அச்சிடலாம். அவற்றில் ஒன்று அணித் தலைவனுடையதாயிருக்கட்டும்; ஒன்று அவ்வாண்டுதான் சேர்ந்த சின்னப் பையனுடையது. ஒருவனுக்கு மலையேற்றம் பெரிதாக இருக்கும்; ஒருவனுக்கு அட்டைப்பூச்சி; ஒருவனுக்கு எரியாத ஈர விறகு. இக்கட்டில் ஒரே ஓர் இதழ், ஏதோ தற்செயலாக, இரண்டு அறிக்கைகளை அப்படி வெளியிட்டிருக்கிறது. நாற்பதிலும் நான் இருமுறை படித்தது அதைத்தான்.

வடிவத்தைப் பற்றியும் ஒரு சொல். கையெழுத்து இதழ்களே இக்கட்டில் சிறந்தவை. பழமைப் பாசத்தால் இதைச் சொல்லவில்லை. ஒரே ஒரு பிரதி. அது அணிக்கு அணி கைமாறிச் செல்லும். ஓரங்களில் படித்தவர்கள் எழுதியிருப்பார்கள். ‘பொய், அன்று நான்தான் சமைத்தேன்’ என்று பென்சிலில் ஒரு மறுப்பு. ஆசியுரை வாங்க வேண்டும் என்று எவர்க்கும் தோன்றவில்லை, ஏனெனில் அதைப் பெரியவர் எவரும் பார்க்கப்போவதில்லை. ஸ்டென்சில் காலத்தில் பிழை செய்தால் திருத்து மை பூசிக் காயவைக்க வேண்டும். ஆதலால் சொற்களை எண்ணிச் செலவிட்டார்கள். இன்று கைப்பேசியிலேயே மடல் தயாராகி, ஒரு நொடியில் எல்லாப் பெற்றோர்க்கும் போய்விடுகிறது. வண்ணப் படங்கள் நிறைந்து, எழுத்து படங்களுக்கு அடிக்குறிப்பாகச் சுருங்கிவிட்டது. படங்களில் பெரும்பாலும் சால்வை போர்த்துவோரும் சால்வை பெறுவோரும். சிறுவர் படங்களைப் பெற்றோர் இசைவின்றிப் பரப்புவதிலுள்ள ஆபத்தை இங்கே விரிக்கவில்லை. அது தனிக் கட்டுரைக்கு உரியது.

இத்தாலியில் முசோலினி அரசு 1928இல் கத்தோலிக்கச் சாரணரை முற்றாகக் கலைத்தபோது, மிலான், மொன்சா நகர்களின் சில இளைஞர்கள் ‘அலையும் கழுகுகள்’ என்று பெயரிட்டுக்கொண்டு 1945 வரை மறைவாக இயங்கினார்கள். அவர்களிடையேயும் ஒரு சிறு மடல் மறைவாகக் கைமாறியது. ‘ஆயத்தமாயிருங்கள்’ என்ற நற்செய்திச் சொல்லே அதன் பெயர். பிடிபட்டால் தண்டனை என்ற நிலையில் ஆசியுரைக்கு யார் இடம் ஒதுக்குவார்கள்? நமக்கு அந்த அச்சம் இல்லை, நன்று. ஆனால் அச்சமே இல்லாத இடத்தில் நாம் ஏன் இவ்வளவு அஞ்சி அஞ்சி எழுதுகிறோம் என்பது எனக்கு விளங்கவில்லை.

புதிய பங்கின் பள்ளியிலும் ஒரு சாரணர் படை இருக்கிறது. சென்ற மாதம் அணித் தலைவன் ஒருவன் மடலின் கையெழுத்துப் படியைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்துவிட்டு, போகாமல் நின்றான். மூன்றாம் பக்கத்தில் ஆண்டு விழாக் கொடியேற்றம் பற்றிய செய்தி. ‘ஃபாதர் ஒரு மணி நேரம் தாமதமாக வந்தார். வெயிலில் நின்ற குருளையர் இருவர் உட்கார்ந்துவிட்டார்கள். அவர்களை வேப்பமரத்தடிக்குக் கூட்டிப்போய்த் தண்ணீர் கொடுத்தோம்’ என்றிருந்தது.

“ஒரு மணி நேரமா, தம்பி? நாற்பது நிமிடம்தான் இருக்கும்” என்றேன்.

அவன் சட்டைப் பையிலிருந்து அணிப் பதிவேட்டை எடுத்துப் பிரித்தான். “இல்லீங்க ஃபாதர். கொடிக்கு எட்டு பத்துன்னு அறிவிச்சிருந்தாங்க. நீங்க வந்தது ஒன்பது அஞ்சு.”

கணக்குப் போட்டோம். ஐம்பத்தைந்து நிமிடம். ‘ஒரு மணி நேரம்’ என்பதை அடித்து ‘55 நிமிடம்’ என்று எழுதினான். ஒற்றுப் பிழைகள் இரண்டு இருந்தன. அவற்றை நான் திருத்திக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு நகலெடுக்கப் போனான்.